டெலிபோர்ட் மந்திரம் மேசைக்கு வரும் முன்: புதிய கேம் மாஸ்டருக்கும் பிளேயருக்கும் ஒரு வழிகாட்டி

சேலத்தில் சனிக்கிழமை இரவுகளில் ஐந்து பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, டைஸ் உருட்டி ஆடும் ஆட்டம். அஸ்தம்பட்டியில் ஒரு நண்பர் வீட்டு மாடியில்தான் மேசை. கதையை நடத்தும் கேம் மாஸ்டர் நான், மற்ற நால்வரும் பிளேயர்கள். கதை நடக்கும் உலகத்தை நம் ஊரைப் பார்த்தே வரைந்திருக்கிறேன். வடக்கே சேர்வராயன் மலை, மேற்கே கஞ்சமலை, நடுவில் ஒரு கோட்டை நகரம். இரண்டு வருடம் நன்றாகப் போன ஆட்டம், எங்கள் மந்திரவாதி, நொடியில் வேறு இடத்துக்குப் போகும் டெலிபோர்ட் மந்திரம் கிடைக்கும் 13ஆம் லெவலுக்கு (லெவல் என்பது பாத்திரத்தின் வளர்ச்சிப் படி) வந்த வாரத்தில் கிட்டத்தட்ட நின்றே போனது.

அன்று நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த இரவிலிருந்து வந்தவைதான்.

மலை உச்சியில் எதிரியின் கோட்டை. அங்கே போக, ஏற்காடு மலைச் சாலையில் இருப்பது போலவே 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதை ஒன்றை மூன்று வாரம் உட்கார்ந்து எழுதியிருந்தேன். ஏழாவது வளைவில் காப்பித் தோட்டக் காவலாளிகள், பன்னிரண்டாவதில் இடிந்த சத்திரம், பதினெட்டாவதில் பனிமூட்டத்துக்குள் பதுங்கியிருக்கும் வில்லாளிகள். ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மந்திரவாதியாக ஆடும் பெண் சொன்னார்: "அண்ணா, நாங்க நடக்கப் போறதில்ல. கோட்டை முற்றத்துக்கு நேரா டெலிபோர்ட் போட்டுடறேன்."

"அந்த இடம் உங்களுக்கு அவ்வளவு பழக்கம் இல்லையே" என்றேன்.

"ரெண்டு தடவை போயிருக்கோம்ணா. ஒரு தடவை ராத்திரி பூரா குதிரை லாயத்துல ஒளிஞ்சிருந்தோமே!"

அவர் சொன்னது சரி. ஆனால் அது எந்த அளவுப் பழக்கம் என்பதற்கு எங்களிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை. நாற்பது நிமிடம் வாதம். கடைசியில் நான், "கோட்டையைச் சுற்றி மந்திரத் தடை இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். அப்படி ஒரு தடை என் குறிப்புகளில் எங்கேயும் இல்லை. அந்த நிமிடத்தில் முளைத்தது. அவருக்கும் அது தெரிந்தது. தன் பாத்திரத்தின் விவரங்கள் எழுதிய கேரக்டர் ஷீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். அடுத்த இரண்டு சனிக்கிழமையும் மேசை காலி.

தப்பு என்னுடையது. இரண்டு வருடம் ஆடி அவர் சம்பாதித்த மந்திரத்தை ஒரு வாய்ச்சொல்லில் பிடுங்கினேன். அதன் பிறகு உட்கார்ந்து பேசி, எழுதி, திருத்தி நாங்கள் அமைத்துக்கொண்ட முறை இது. நீங்கள் இப்போதுதான் ஆட்டம் தொடங்குகிறீர்கள் என்றால் இதை முதல் மாதத்திலேயே செய்துவிடுங்கள். 13ஆம் லெவல் வரை காத்திருக்க வேண்டாம்.

1. எந்தப் பதிப்பு என்று முடிவு செய்யுங்கள்

இங்கே நான் தரும் எண்கள் 2014 விதிகளில் உள்ளவை. 2024இல் வந்த புதிய பதிப்பிலும் இதே மந்திரங்கள் உண்டு, ஆனால் எல்லா வரிகளும் அப்படியே இல்லை. மேசையில் ஒருவர் பழையதையும் இன்னொருவர் புதியதையும் வைத்திருந்தால் சண்டை உறுதி. ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லோருடைய ஷீட்டிலும் மேல் மூலையில் எழுதுங்கள்.

புத்தகம் வாங்கக் காசு இல்லையே என்று தயங்க வேண்டாம். எஸ்ஆர்டி 5.1 என்ற அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இந்தக் கட்டுரையில் வரும் மந்திரங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அந்தப் பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து நடுவில் வைத்தால் போதும்.

2. நான்கு மந்திரங்களையும் தனித்தனியாகப் படியுங்கள்

"டெலிபோர்ட்" என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே நான்கு வெவ்வேறு மந்திரங்கள். ஒன்றின் விதியை இன்னொன்றுக்குப் போடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. எந்த லெவலில் வரும் என்பதை மந்திரவாதி வகுப்புக்கு (பாத்திர வகைக்கு) சொல்கிறேன். சண்டையில் தன் முறை வரும்போது ஒருவர் செய்யும் முக்கியச் செயல் ஆக்ஷன், கூடுதலாகச் செய்யக்கூடிய சிறு செயல் போனஸ் ஆக்ஷன்.

மிஸ்டி ஸ்டெப், 3ஆம் லெவலில் கிடைக்கும். போனஸ் ஆக்‌ஷனில் 30 அடி, கண்ணுக்குத் தெரியும் காலி இடத்துக்கு மட்டும். கண்ணுக்குத் தெரியும் என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். கார்த்திகை மாதம் ஏற்காடு ஏரிக்கரையில் நின்றவர்களுக்குத் தெரியும், சில நேரம் பத்தடிக்கு அப்பால் இருக்கும் படகே தெரியாது. அப்படிப்பட்ட மூட்டத்தில் இந்த மந்திரத்தால் பத்தடிதான் போக முடியும். கண்ணாடி ஜன்னல், சாவித்துவாரம் வழியாகப் பார்த்துப் போகலாமா என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் போகலாம் என்று வைத்திருக்கிறோம். இன்னொரு பொறி: போனஸ் ஆக்‌ஷனில் இதைப் போட்ட அதே முறையில், ஒரு ஆக்‌ஷன் எடுக்கும் கேன்ட்ரிப் (எத்தனை தடவையும் போடக்கூடிய சிறு மந்திரம்) தவிர வேறு மந்திரம் போட முடியாது. முதல் மூன்று மாதம் நாங்கள் இதைக் கவனிக்காமலே ஆடினோம்.

டைமென்ஷன் டோர், 7ஆம் லெவலில். 500 அடி. பார்க்கத் தேவையில்லை. "நேர் கீழே 200 அடி" என்று சொன்னாலே போதும். ஆனால் கூட ஒரே ஒருவரைத்தான் அழைத்துப் போகலாம். அவர் சம்மதிக்க வேண்டும், உங்கள் அளவு அல்லது அதைவிடச் சிறிய உருவமாக இருக்க வேண்டும், ஐந்தடிக்குள் நிற்க வேண்டும். போய்ச் சேரும் இடத்தில் ஏற்கெனவே ஆளோ பொருளோ இருந்தால் இருவருக்கும் 4டி6 (நான்கு ஆறுமுக டைஸின் கூட்டுத்தொகை) சேதம், இடமும் மாறாது. நான்கு பேர் குழுவில் இருவர் மட்டும் பெட்டகத்துக்குள் போய், மற்ற இருவர் வெளியே காவலரிடம் மாட்டிக்கொள்வது இப்படித்தான் நடக்கும். கேம் மாஸ்டர் அதற்குத் தயாராக இருக்கட்டும், பிளேயர்களும் யோசித்துப் போடட்டும்.

டெலிபோர்ட்டேஷன் சர்க்கிள், 9ஆம் லெவலில். தரையில் வட்டம் வரைந்து, இன்னொரு நிரந்தர வட்டத்துக்கு வழி திறப்பது. அந்த வட்டத்தின் குறியீட்டு வரிசை தெரிந்திருக்க வேண்டும். வரைய ஒரு நிமிடம், அதாவது பத்துச் சுற்று ஆகும். சண்டையிலிருந்து தப்பிக்க இது உதவாது. திறந்த வழி, மந்திரம் போட்டவரின் அடுத்த முறை முடியும் வரை அப்படியே இருக்கும். உங்கள் பின்னாலேயே எதிரியும் நுழையலாம்.

டெலிபோர்ட், 13ஆம் லெவலில். ஒரே ஆக்‌ஷனில், போடுபவரும் கூட எட்டுப் பேர் வரையும். தூரக் கணக்கே இல்லை, அதே உலகத்துக்குள் இருந்தால் போதும். இதில் மட்டும்தான் டைஸ் உருட்டி, சரியாகப் போய்ச் சேர்ந்தோமா என்று பார்க்க வேண்டும்.

எங்கள் குழுவில் ஒருவர் தன் மந்திரங்களை, சித்தர்கள் வாயில் அடக்கி நினைத்த இடத்துக்குப் போவார்கள் என்று சொல்லும் குளிகை என்று வைத்துக்கொண்டார். கஞ்சமலை அடிவாரத்துச் சித்தர் கோயில் பக்கத்தில் வளர்ந்தவர், அவருக்கு அதுதான் பொருத்தமாக இருந்தது. டைமென்ஷன் டோர் போடும்போதெல்லாம் வாயில் குளிகை அடக்கினேன் என்பார். தாராளமாகச் செய்யுங்கள், ஆட்டம் நம்முடையதாக ஆகிவிடும். பெயரும் காட்சியும் மாறலாம், 500 அடி மட்டும் மாறக்கூடாது.

3. இடப் பதிவேடு தொடங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். எங்கள் நாற்பது நிமிட வாதத்துக்குக் காரணம் மந்திரம் இல்லை. ஓர் இடம் எவ்வளவு பழக்கம் என்பதை, போய் வந்த அன்றே எழுதாததுதான்.

டெலிபோர்ட் விதியில் இடங்கள் பழக்கத்தின்படி பிரிக்கப்பட்டிருக்கின்றன. டி100 உருட்டி, அதாவது டைஸில் 1 முதல் 100 வரை வரும் எண்ணை வைத்து முடிவு:

நன்கு பழகிய இடம் என்றால் அடிக்கடி போன இடம், கவனமாக ஆராய்ந்த இடம், அல்லது இப்போது கண்ணெதிரே தெரியும் இடம். 1 முதல் 5 வரை விபத்து, 6 முதல் 13 வரை அதே போன்ற வேறு இடம், 14 முதல் 24 வரை குறி தவறும், 25க்கு மேல் சரியாகப் போய்ச் சேரலாம்.

ஓரளவு பார்த்த இடம் என்றால் ஒரு தடவைக்கு மேல் பார்த்தது, ஆனால் நன்றாகப் பழகாதது. 33 வரை விபத்து, 43 வரை வேறு இடம், 53 வரை குறி தவறும், 54க்கு மேல் சரி.

ஒரே ஒரு தடவை பார்த்த இடம், அல்லது பிறர் சொல்லக் கேட்டோ வரைபடத்தைப் பார்த்தோ அறிந்த இடம். 43 வரை விபத்து, 53 வரை வேறு இடம், 73 வரை குறி தவறும், 74க்கு மேல் சரி.

நிரந்தர வட்டம் உள்ள இடம், அல்லது அந்த இடத்திலிருந்து கடந்த ஆறு மாதத்துக்குள் எடுத்த பொருள் கையில் இருப்பது. உருட்டவே வேண்டாம், நேராகப் போய்ச் சேரலாம்.

முதல் வரிசையில் 100க்கு 76 வாய்ப்பு, இரண்டாவதில் 47. இதற்கு நடுவில்தான் எங்கள் குதிரை லாயம் சிக்கிக்கொண்டது. ஓர் இரவு முழுக்க ஒளிந்திருந்தது ஆராய்ந்ததாகுமா, பார்த்ததாகுமா? இதற்கு விதியில் விடை இல்லை. மேசைதான் சொல்ல வேண்டும். அதையும் மந்திரம் போடும் நேரத்தில் சொல்லக்கூடாது, போய் வந்த அன்றே சொல்லிவிட வேண்டும். மந்திரம் போடும் நேரத்தில் இரண்டு பக்கமும் தனக்குச் சாதகமாகத்தான் நினைவு வைத்திருக்கும்.

நாங்கள் ஒரு நீளக் கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறோம். ஓர் இடத்துக்கு ஒரு பக்கம். கோட்டை முற்றத்தின் பக்கம் இப்போது இப்படி இருக்கிறது:

இடம்: மலைக்கோட்டை, உள்முற்றம்.
முதல் தடவை: 31ஆம் செஷன். தூதுவராக. பகல், அரை மணி நேரம்.
இரண்டாம் தடவை: 58ஆம் செஷன். இரவு முழுதும் குதிரை லாயத்தில். முற்றத்தின் தெற்குப் பாதி மட்டும் தெரிந்தது.
யார் பார்த்தது: மந்திரவாதி, திருடி.
நிலை: ஓரளவு பார்த்தது.
பொருள்: இல்லை.
கையெழுத்து: இருவர்.

"யார் பார்த்தது" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். மந்திரம் போடுபவர் அறிந்த இடமாக இருக்க வேண்டும். திருடி மட்டும் பார்த்த அறை மந்திரவாதிக்குப் பிறர் சொல்லக் கேட்டதுதான். கையெழுத்து என்பது கேம் மாஸ்டரும் மந்திரம் போடுபவரும் போடுவது. செஷன் முடிந்ததும் இரண்டு நிமிட வேலை. எங்களிடம் இப்போது நாற்பது பக்கத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதன் பிறகு பழக்கம் பற்றி ஒரு வாதம்கூட வந்ததில்லை.

"நிலை" வரியை எப்படி முடிவு செய்வது என்று கேட்பவர்களுக்கு எங்கள் வழக்கம்: மூன்று தனித்தனி நாள் போயிருந்தால், அல்லது ஒரு மணி நேரம் வேறு வேலை எதுவும் செய்யாமல் அந்த இடத்தையே பார்ப்பதற்காகச் செலவிட்டேன் என்று பிளேயர் அப்போதே அறிவித்திருந்தால், நன்கு பழகியது. இது நாங்கள் வைத்துக்கொண்டது. உங்கள் மேசைக்கு வேறு அளவு பொருந்தலாம், ஆனால் ஏதோ ஓர் அளவு எழுத்தில் இருக்க வேண்டும்.

பொருள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் குளிகைக்காரர் ஒரு நாள் நிஜக் கஞ்சமலையிலிருந்து ஒரு கறுத்த கல்லை எடுத்து வந்து மேசையில் வைத்தார். கைப்பிடி அளவுதான், தூக்கினால் எதிர்பார்த்ததைவிடக் கனம். இரும்புத்தாது உள்ள மலை அல்லவா, வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து காந்தத்தை எடுத்துப் பக்கத்தில் கொண்டு போனதும் டக்கென்று ஒட்டிக்கொண்டது. "நம்ம கதையிலயும் இந்தக் கல்லை எடுத்துக்கிட்டேன்னு எழுதிக்கங்கண்ணா" என்றார். எழுதிக்கொண்டேன். அதிலிருந்து எல்லோரும் போகும் இடத்தில் எல்லாம் ஏதாவது எடுக்கத் தொடங்கினார்கள். கதவின் கொண்டி, விளக்குத் திரி, தரை ஓட்டின் உடைந்த மூலை. இதைக் கேம் மாஸ்டர்கள் தொல்லையாக நினைக்க வேண்டாம். ஓர் இடத்தை இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறார்கள் என்றால் உங்கள் கதைக்கு அதைவிட மரியாதை இல்லை.

ஆனால் ஆறு மாதக் கெடுவை மறக்காதீர்கள். கதைக்குள் நாள்காட்டி இல்லை என்றால் இந்த விதி வேலை செய்யாது. நாங்கள் தமிழ் மாதமே வைத்திருக்கிறோம். "கஞ்சமலைக் கல், ஆடி 18 எடுத்தது, தை 17 வரை" என்று பொருளுக்குப் பக்கத்திலேயே காலாவதித் தேதியும் எழுதிவிடுவோம்.

4. செலவைக் கணக்கிட்டு வையுங்கள்

டெலிபோர்ட் இலவசம் என்ற எண்ணம் கேம் மாஸ்டர்களிடம்தான் அதிகம் இருக்கிறது. எனக்கும் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் பாதி குறைந்துவிடும்.

லெவல் பாத்திரத்துக்கு, நிலை மந்திரத்துக்கு. டெலிபோர்ட் ஏழாம் நிலை, சர்க்கிள் ஐந்தாம் நிலை. ஸ்லாட் என்பது அந்த நிலை மந்திரம் ஒன்றைப் போடும் வாய்ப்பு. 13ஆம் லெவல் மந்திரவாதிக்கு ஏழாம் நிலை ஸ்லாட் ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. போவதற்கு அதைச் செலவழித்தால், திரும்பி வர நீண்ட ஓய்வு எடுத்தாக வேண்டும். சிறிய ஓய்வில் மந்திரவாதி ஸ்லாட் மீட்கும் வசதியும் ஐந்தாம் நிலைக்கு மேல் செல்லாது. அதாவது எதிரி கோட்டைக்குள் டெலிபோர்ட்டில் குதிப்பவர், அன்றைக்கு அதே வழியில் வெளியே வர முடியாது. பிளேயர்களே, இதைக் குதிக்கும் முன் எண்ணிப் பாருங்கள். கேம் மாஸ்டர்களே, இதைப் பற்றிப் பதற்றப்படாமல் இருங்கள். உள்ளே வந்தவர்கள் உள்ளேதான் இருக்கிறார்கள்.

சர்க்கிளுக்கு ஒவ்வொரு முறையும் 50 பொற்காசு மதிப்புள்ள ரத்தினப் பொடி கலந்த சுண்ணமும் மையும் தீர்ந்துபோகும். சொந்த ஊரில் நிரந்தர வட்டம் வேண்டுமென்றால் ஒரே இடத்தில் ஒரு வருடம் தினமும் வரைய வேண்டும். 365 நாளுக்கு 18,250 பொற்காசு. தினம் ஒரு ஐந்தாம் நிலை ஸ்லாட்டும் போகும், அந்த வருடம் முழுக்க ஊரை விட்டு நகரவும் முடியாது. பிளேயர் இதைக் கேட்டால் மறுக்காதீர்கள். ஆட்டத்தில் ஒரு வருட இடைவெளி கொடுக்க முடியுமா, வேறு மந்திரவாதிக்குச் சம்பளம் கொடுத்து வரையச் சொல்லலாமா என்று பேசுங்கள். எங்கள் குழு இப்போது அதற்காகத்தான் மிளகு வியாபாரம் செய்து காசு சேர்க்கிறது. அதுவே தனிக் கதையாக ஓடிக்கொண்டிருக்கிறது.

மந்திரச் சுருளிலிருந்து தன் புத்தகத்தில் எழுதிக்கொள்ள ஒரு நிலைக்கு 50 பொற்காசும் இரண்டு மணி நேரமும். சர்க்கிளுக்கு 250 பொற்காசு, 10 மணி நேரம். டெலிபோர்ட்டுக்கு 350 பொற்காசு, 14 மணி நேரம். லெவல் ஏறும்போது இலவசமாகக் கிடைக்கும் இரண்டு மந்திரங்களில் இதை எடுத்தால் இந்தச் செலவு இல்லை.

நிஜச் செலவு: நோட்டு, ஜெராக்ஸ், டைஸ். ஏழு டைஸ் கொண்ட ஒரு செட்டில் டி100 உருட்டத் தேவையான இரண்டு பத்துமுக டைஸும் இருக்கும், தனியாக வாங்க வேண்டாம்.

5. ஒன்பதாம் லெவல் அன்றே குறியீடுகளைக் கொடுங்கள்

சர்க்கிள் மந்திரத்தை முதலில் பெறும்போது இரண்டு நிரந்தர வட்டங்களின் குறியீட்டு வரிசை பிளேயருக்குத் தெரியும். எந்த இரண்டு என்பதைக் கேம் மாஸ்டர்தான் முடிவு செய்ய வேண்டும். "அப்புறம் சொல்றேன்" என்று நான் தள்ளிப் போட்டேன், நான்கு மாதம் அந்த மந்திரம் பயனில்லாமல் கிடந்தது.

எட்டாம் லெவலின் பாதியிலேயே யோசித்து வைத்துவிடுங்கள். பெரிய கோயில், வணிகர் சங்கம் போன்ற முக்கியமான இடங்களில் வட்டம் இருப்பது இயல்பு. அந்த வட்டத்தைச் சும்மா திறந்து போடவும் மாட்டார்கள். காவல் இருக்கும், பதிவு இருக்கும், வந்தவர் யார் என்று கேள்வி இருக்கும். எங்கள் உலகில் ஒரு வட்டம் வணிகர் தெருவில் ஒரு மண்டிக்குள் இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையை நினைத்து எழுதினேன். மூட்டை ஏற்றி இறக்கும் சத்தத்துக்கு நடுவில்தான் வந்து விழுவார்கள், மண்டிக்காரருக்கு நுழைவுக் கட்டணம் கொடுத்துவிட்டுத்தான் நகர முடியும். புதிய வட்டத்தைக் கண்டால் ஒரு நிமிடம் ஊன்றிப் பார்த்து அதன் வரிசையை மனப்பாடம் செய்யலாம். அதையும் பதிவேட்டில் பின்பக்கம் எழுதிக்கொண்டே வாருங்கள்.

6. மந்திரம் போடும் நேரத்தில் இந்த வரிசை

பிளேயர் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: எங்கே, பதிவேட்டில் எத்தனையாவது பக்கம், யார் யார் வருகிறார்கள். வரச் சம்மதமா என்று ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். சம்மதிக்காதவரை இழுத்துப் போக முடியாது.

கேம் மாஸ்டர் எந்த வரிசை, எவ்வளவு வாய்ப்பு என்று உரக்கச் சொல்ல வேண்டும். "ஓரளவு பார்த்தது. 54க்கு மேல் வந்தால் சரி, 33க்குள் வந்தால் விபத்து." இதைக் கேட்டபின் பிளேயர் வேண்டாம் என்று பின்வாங்கலாம். ஸ்லாட் செலவாகாது.

அப்புறம் டைஸ். எல்லோரும் பார்க்கும்படி மேசை நடுவில், பிளேயர் கையால். கேம் மாஸ்டர் மறைப்புக்குப் பின்னால் உருட்டக்கூடாது. நம்பிக்கை ஒரு தடவை உடைந்த மேசையில் இது ரொம்ப முக்கியம்.

விபத்து வந்தால் எல்லோருக்கும் 3டி10 சேதம், பிறகு மறுபடி உருட்ட வேண்டும். மறுபடியும் விபத்து வரலாம், மறுபடியும் சேதம். ஏற்கெனவே அடி வாங்கித் தப்பி ஓடும் நேரத்தில் 33 சதவீத விபத்து உள்ள இடத்துக்குக் குதிப்பது உயிருக்கு ஆபத்து. இதைப் புதியவர்களுக்குக் கேம் மாஸ்டர் நினைவூட்டுவது தவறில்லை.

குறி தவறினால் கணக்கு: இரண்டு பத்துமுக டைஸை உருட்டிப் பெருக்கினால் வருவது சதவீதம். போக வேண்டிய தூரத்தில் அவ்வளவு சதவீதம் தள்ளி விழுவார்கள். திசைக்கு எட்டுமுக டைஸ், 1 என்றால் வடக்கு, அப்படியே வலமாகச் சுற்றிக்கொள்ளுங்கள். 200 கி.மீ. தொலைவிலிருந்து சேலத்தைக் குறி வைக்கிறீர்கள், டைஸில் 3, 4 வருகிறது என்றால் 12 சதவீதம், 24 கி.மீ. திசை தெற்கு என்று வந்தால் ராசிபுரத்துப் பக்கம் எங்கோ ஒரு வயலில் நிற்பீர்கள்.

எங்களுக்கு இது நிஜமாகவே கைகொடுத்தது. மேசை மறுபடி கூடிய அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். தடை இல்லை, இருந்ததே இல்லை, டெலிபோர்ட் போடுங்கள் என்றேன். உருட்டினார். 49. குறி தவறியது. தூரம் 40 கி.மீ., டைஸில் 3, 5. 15 சதவீதம், 6 கி.மீ. தள்ளி, தெற்கே. வரைபடத்தில் அளந்து பார்த்தோம். பன்னிரண்டாவது வளைவு, இடிந்த சத்திரம். நான் எழுதி வைத்திருந்த அதே இடம். மேசையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தியதில் கீழ் வீட்டு அம்மா மேலே ஏறி வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்.

7. தடைகளை முன்பே எழுதி வையுங்கள், கஞ்சமாக

டெலிபோர்ட்டைத் தடுக்கும் வழிகள் விதியிலேயே உண்டு. ஃபர்பிடன்ஸ் என்பது பூசாரி வகுப்பின் ஆறாம் நிலை மந்திரம், 11ஆம் லெவல் பூசாரி வேண்டும். 40,000 சதுர அடித் தரைக்கும் 30 அடி உயரத்துக்கும் காப்பு. நம் கணக்கில் சுமார் 92 சென்ட், ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. தினமும் ஒன்றாக முப்பது நாள் போட்டால் யாராவது கலைக்கும் வரை நிலைக்கும், கடைசி நாளில் 1,000 பொற்காசு மதிப்புள்ள மாணிக்கப் பொடி உள்ளிட்ட பொருள்கள் தீர்ந்துபோகும். பிரைவேட் சாங்டம் என்பது நான்காம் நிலை. 100 அடிப் பக்கம் வரையுள்ள கனசதுரத்தை 24 மணி நேரம் காக்கும், ஒரு வருடம் தினமும் போட்டால் நிரந்தரம்.

இந்தக் கணக்கைப் பாருங்கள். அரண்மனைக் கருவூலத்துக்கும் பெரிய கோயிலின் கருவறைக்கும் இது கட்டுப்படியாகும். காட்டுக் கொள்ளையர் குகைக்கு ஆகாது. எல்லா வாசலிலும் தடை போடும் கேம் மாஸ்டர், அந்த மந்திரத்தையே ஷீட்டிலிருந்து அடித்துவிட்டதற்குச் சமம். என் கணக்கு, பத்து முக்கிய இடத்தில் இரண்டுக்கு மேல் தடை கூடாது. தடை உள்ள இடத்தின் பெயரை ஓர் உறையில் எழுதி, தேதி போட்டு ஒட்டி, பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். பிளேயர்கள் அந்த இடத்தில் முட்டும்போது உறையைப் பிரித்துக் காட்டுவேன். இப்போதே கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

தடை உண்டு என்று ஊரில் யாருக்காவது தெரிந்திருக்கட்டும். கோயிலில் எண்ணெய் ஊற்றும் பாட்டி, மாணிக்கப் பொடி விற்ற நகைக்கடைக்காரர். விசாரித்தால் தெரியவரும் தடை ஒரு புதிராகிவிடுகிறது, பிளேயர்களுக்கு அதை உடைக்க ஆசை வருகிறது.

8. எதிரிக்கும் இதே விதி

வில்லன் கடைசி நொடியில் மறைந்து தப்பிப்பதை வாரா வாரம் செய்யாதீர்கள். எங்கள் மேசையில் ஒரு எதிரிக்கு ஒரு தடவைதான். அதிலும் பிளேயர்களுக்குத் தடுக்க வாய்ப்பு இருக்க வேண்டும். மிஸ்டி ஸ்டெப், டைமென்ஷன் டோர், டெலிபோர்ட் மூன்றும் வாயால் உச்சரித்தால் போதும் என்ற வகை. அதனால் ஒலியை அடக்கும் சைலன்ஸ் மந்திரத்துக்குள் சிக்கியவர் இவற்றைப் போட முடியாது. 60 அடிக்குள் கண்ணுக்குத் தெரிந்தால், பிறர் போடும் மந்திரத்தை முறிக்கும் கவுன்டர்ஸ்பெல் போடலாம். மூன்றாம் நிலையில் போட்டு டெலிபோர்ட்டை முறிக்க, இருபதுமுக டைஸும் திறன் கூட்டலும் சேர்த்து 17 வேண்டும். வில்லன் வாய் திறக்கிறான் என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்துங்கள், அவர்கள் கை தூக்கட்டும்.

9. வழியை எழுதாதீர்கள், சேரும் இடத்தை எழுதுங்கள்

13ஆம் லெவலுக்குப் பிறகு என் தயாரிப்பு முறையே மாறிவிட்டது. இருபது வளைவுக்கு இருபது பக்கம் எழுதுவதில்லை. போகக்கூடிய ஒவ்வொரு இடத்துக்கும் அரைப் பக்கம்: பகலில் யார் இருப்பார்கள், இரவில் யார், திடீரென்று நான்கு பேர் தோன்றினால் முதலில் யார் பார்ப்பார்கள், என்ன வாசனை, எந்தப் பக்கம் கதவு. அதோடு "அதே போன்ற வேறு இடம்" என்று வந்தால் போடுவதற்கு மூன்று இடம் தயாராக இருக்கும். வேறொரு கோட்டை முற்றம், ஒரு சந்தைத் திடல், கைவிட்ட தோட்டத்து பங்களா. எந்த ஊருக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறேன். மொத்தம் இரண்டு மணி நேர வேலை. முன்பு வாரத்துக்கு எட்டு மணி நேரம் போனது.

மீதமான வளைவுகளைக் கிழித்துப் போடவில்லை. ஏழாவது வளைவின் காவலாளிகள் இப்போது மண்டியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள். வில்லாளிகளுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

செஷன் முடிந்து தட்டுவடை செட் தட்டுகளை ஒதுக்கி வைக்கும்போது இரண்டு வேலை. பதிவேட்டில் அன்று பார்த்த இடங்களை எழுதிக் கையெழுத்துப் போடுவது ஒன்று. "அடுத்த வாரம் எங்கே போறீங்க?" என்று கேட்பது இன்னொன்று. பதில் புதன்கிழமை இரவுக்குள் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட வேண்டும், வியாழன் வெள்ளி எனக்குத் தயாரிக்க. சனிக்கிழமை மேசையில் மனம் மாறினால் மாறலாம், அது அவர்கள் உரிமை. ஆனால் அப்படி மாறினால் தேநீர் குடித்துவர இருபது நிமிடம் கேட்டுக்கொள்வேன். அந்த நேரத்தில் புதிய இடத்துக்கு அரைப் பக்கம் எழுதிவிடலாம்.